அச்சத்தையும் வரவு வைப்போம்

பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்ற பங்குனித் திங்களில் ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். அன்று அங்கத்தினர் கூட்டம். உள்ளே ஐம்பது பேருக்குக் குறையாமல் அமர்ந்திருந்தனர். வெளியே புளியமரத்தடியில் முதியவர் ஒருவர் தனியே நின்றிருந்தார். அவர் வாசற்படி வரை வருவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். மீண்டும் மரத்தடிக்கே திரும்பிச் செல்வார். இவ்வாறு மூன்று முறை நிகழ்ந்தது. நான் எழுந்து வெளியே சென்றேன்.

"பெரியவரே, நீங்கள் இச்சங்கத்தின் அங்கத்தினர்தாமே? ஏன் வெளியிலேயே நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அங்கத்தினன்தான், ஐயா. பயிர்க் கடன் பாக்கி நிற்கிறது. உள்ளே வந்தால் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிடுவீர்கள். அதனால்தான்" என்றார் அவர்.

"பாக்கி எவ்வளவு?"

"அறுபதாயிரம் இருக்கும். வட்டியோடு இன்னும் ஏறியிருந்தாலும் இருக்கும்."

"பேரேட்டில் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை, ஐயா. பார்க்கப் பயம்."

இந்த மூன்று சொற்கள் என்னை விட்டு அகலவில்லை. அன்று முதல் இன்று வரை அவற்றையே எண்ணிக் கொண்டிருக்கிறேன். அவற்றைப் பற்றி நம் அங்கத்தினர்களோடு மனம் விட்டுப் பேச வேண்டும் என்னும் விருப்பத்தாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். அப்பெரியவரின் கணக்கு என்னவாயிற்று என்பதை இறுதியில் கூறுகிறேன்.

அச்சத்தைப் பற்றி நம்மிடையே இருவகை உபதேசங்கள் வழங்கி வருகின்றன. மேடையில் பேசுவோர், "அஞ்சாதீர்கள், அச்சமே மனிதனுக்குப் பகை" என்பர். அலுவலகங்களில் இருப்போர் சிலர், "அச்சுறுத்தினால்தான் காரியம் நடக்கும், பயமில்லாவிட்டால் யார் பணம் கட்டுவார்?" என்பர். இவ்விரண்டும் தவறு என்பது என் எண்ணம். முன்னது, இல்லாத ஒன்றை இருப்பதாகப் பாவிக்கச் சொல்கிறது. மழையை நம்பி விதைப்பவனும், நூல் விலையை நம்பிப் பாவு ஓட்டுபவனும் அஞ்சாமல் இருப்பது எங்ஙனம்? பின்னதோ மனிதனை மாடாக எண்ணுகிறது. சாட்டைக்கு அஞ்சும் மாடு ஏர் இழுக்கும். சாட்டை கீழே விழுந்த அன்றே நின்றுவிடும்.

அச்சம் பகையும் அன்று, சாட்டையும் அன்று. அது ஒரு செய்தி. நாம் மதிக்கும் பொருள் ஒன்று இடரில் இருக்கிறது என்று நம் உள்ளம் நமக்கு எழுதும் கடிதம். கடிதத்தைப் பிரித்துப் படிப்பவன் அதற்கு மறுமொழி எழுதலாம். பிரிக்காமல் பரண்மேல் எறிபவன் அதன் கனத்தை மட்டும் சுமக்கிறான். அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சாதவனை வள்ளுவர் வீரன் என்று போற்றவில்லை. பேதை என்றே கருதினார். அக்கருத்தை அவர் படைச் செருக்கைப் பேசும் இடத்தில் வைக்காமல், அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்திருப்பது நம் சிந்தனைக்குரியது. அறிவோடு சேர்ந்த அச்சம் முன்னேற்றத்திற்கு வழி. அறிவை விட்டுப் பிரிந்த அச்சம் புளியமரத்தடி.

இது வெறும் தத்துவம் என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை. கூட்டுறவு இயக்கமே அச்சத்தைக் கணக்கில் எழுதியதால் பிறந்த இயக்கமாகும்.

இங்கிலாந்து நாட்டில் லங்காஷயர் பகுதியில் ராச்டேல் என்றோர் ஊர் உண்டு. ஆங்குக் கம்பளித் துணி நெய்தோர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து தோல்வியுற்றனர். விசைத்தறி அவர்கள் கைத்தொழிலை நெருக்கிக் கொண்டிருந்தது. கடைக்காரரிடம் கடன், கடன் உள்ள கடையிலேயே வாங்கியாக வேண்டும், அக்கடையிலோ மாவில் கலப்படம், எடையில் குறைவு. நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெட்டுப் பேர் அந்நிலையில் கூடினர். அவர்கள் வீரவுரை ஆற்றவில்லை. தாம் எவற்றிற்கு அஞ்சினரோ அவை ஒவ்வொன்றையும் எடுத்து ஒவ்வொரு விதியாக மாற்றினர். கடனுக்கு அஞ்சினர், ஆகவே, கைக்காசுக்கு மட்டுமே வாணிகம் என்று விதித்தனர். கலப்படத்திற்கு அஞ்சினர், ஆகவே, தூய சரக்கு, சரியான எடை என்று விதித்தனர். செல்வமுடையோர் கை ஓங்கிவிடும் என்று அஞ்சினர். ஆகவே, பங்கு எத்துணையாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்று விதித்தனர். அறியாமைக்கு அஞ்சினர், ஆகவே, பின்னாளில் உபரியில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். சிறுகச் சிறுகச் சேர்த்த 28 பவுன் மூலதனத்தைக் கொண்டு 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறந்தனர். இன்றும் நம் சங்கத் தேர்தலில் செல்வரும் எளியவரும் ஒரே வாக்கு உடையவராய் நிற்கின்றோமே, அது அந்த இருபத்தெட்டுப் பேரின் அச்சம் நமக்கு விட்டுச் சென்ற சொத்து.

நம் மாவட்டத்தின் கதையும் வேறன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் வழங்கினர். அந்நாளில் தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர், ஊத்தங்கரை ஆகிய பகுதிகள் எல்லாம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 19 இலட்சத்திற்கும் மேலாக இருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை, 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் 16 இலட்சத்திற்கு இறங்கிற்று. பெருக வேண்டிய பத்து ஆண்டுகளில் சில இலட்சம் பேர் குறைந்தனர் எனில், வீட்டுக்கு வீடு என்ன நேர்ந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பஞ்சத்தின் அச்சம் இருவகை மனிதரை உண்டாக்கிற்று. ஒரு சாரார், கையில் எது கிடைத்தாலும் அன்றே உண்பது, கேட்டவன் நீட்டிய பத்திரத்தில் கைந்நாட்டு வைப்பது என்று வாழ்ந்து, நிலத்தை வட்டிக்குத் தோற்றனர். மற்றொரு சாரார், விளைந்த ராகியில் ஒரு பகுதியைக் குழியிலும் குதிரிலும் இட்டு மூடி, அடுத்த மழை பெய்யும் வரை அதனைத் தொடுவதில்லை என்று வீட்டு வழக்கமாக்கிக் கொண்டனர். பல்லாண்டு கெடாத தானியம் ராகி. அச்சம் இரு சாரார்க்கும் ஒன்றே. ஒருவர் அதனை விழுங்கினார்; மற்றவர் அதனைக் குதிரில் அளந்து கொட்டினார்.

அரசும் அஞ்சிற்று. 1880-இல் பஞ்ச விசாரணைக் குழு தன் அறிக்கையை அளித்தது. அதன் பயனாகப் பஞ்சக் கால நிவாரண விதிகள் தொகுக்கப்பட்டன. உழவன் கடனில் மூழ்குவதைத் தடுக்கும் வழியை ஆராயுமாறு சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சனைப் பணித்தது. அவர் 1895-லும் 1897-லும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரெய்பீசன் என்னும் ஊர்த்தலைவர் 1846-47-ஆம் ஆண்டுப் பட்டினிக் குளிர்காலத்தைக் கண்ணாரக் கண்டு, முதலில் செல்வரிடம் பணம் திரட்டி உணவுக்கு வழி செய்தார். பிறர் ஈகை நெடுநாள் நில்லாது என்பதை அனுபவத்தில் உணர்ந்து, 1864-இல் உழவர் தாமே நடத்தும் கடன் சங்கத்தைக் கண்டார். அத்தகைய மனிதர் நமக்கும் வேண்டும் என்பதே நிக்கல்சன் அறிக்கையின் சாரம். 1904-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் தோன்றிற்று.

அச்சட்டத்தின்கீழ் எழுந்த கிராமச் சங்கங்களில் வரையறையற்ற பொறுப்பு என்றொரு முறை இருந்தது. ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் மற்றவர் அனைவரும் தம் உடைமையால் பொறுப்பேற்க வேண்டும். எத்துணை அச்சம் தரும் விதி! ஆயினும், அந்த அச்சமே அண்டை வீட்டான் கடன் எதற்கு வாங்குகிறான், கிணற்றுக்கா கல்யாணத்துக்கா என்று கேட்கும் உரிமையையும் கடமையையும் அங்கத்தினர்க்கு அளித்தது. இன்று நம் சங்கங்கள் பெரும்பாலும் வரையறுத்த பொறுப்புடையவை. அச்சுமை நீங்கியது நன்று. ஆனால், சுமையோடு சேர்த்து அக்கறையையும் இறக்கி வைத்துவிட்டோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

நம் மாவட்டத்துப் பட்டு விவசாயிகளுக்கு மிக அருகிலுள்ள சான்று ஒன்றும் உண்டு. பிரான்சு நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரின் என்னும் நோய் பட்டுப்புழுக்களை அழித்தது. குடும்பங்கள் வறுமையில் ஆழ்ந்தன. வளர்ப்போர் முட்டை வாங்கும்போதே நடுங்கினர். எந்த முட்டையில் நோய் உண்டு, எதில் இல்லை என்று அறிய வழியில்லை. 1865-இல் லூயி பாஸ்டர் அப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். அதற்குமுன் பட்டுப்புழுவோடு அவருக்குப் பழக்கமில்லை. அவர் செய்தது யாது? ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிடச் செய்தார். பின்னர் அப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். நோய்க்கிருமி தென்பட்டால் அதன் முட்டைகளை அழித்தார். தென்படாவிட்டால் வளர்க்கக் கொடுத்தார். நம் வித்தகங்களில் இன்றும் இம்முறையே கையாளப்படுகிறது. நீங்கள் வாங்கும் நோயற்ற முட்டைத் தொகுதி ஒவ்வொன்றும் அஞ்சியதை அருகில் சென்று பார்த்த ஒரு மனிதரின் கொடை.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குத் தரமான கூடு கொண்டு வருவோரைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன் மனையைக் கழுவி, சலவைத்தூளும் நீற்றிய சுண்ணாம்பும் இட்டுத் தூய்மை செய்பவர். கை கால் கழுவாமல் தம் மகனையும் புழு மனைக்குள் விடாதவர். அவரிடம் அச்சம் இல்லை என்று சொல்ல இயலுமா? நிறைய உண்டு. ஆனால் அது நெஞ்சில் கிடந்து புழுங்கவில்லை. வாளியிலும் துடைப்பத்திலும் வேலை செய்கிறது. அதற்கு மாறாகப் பாலக்கோட்டுத் தக்காளியை நினைத்துப் பாருங்கள். விலை ஏறிய ஆண்டில், நாம் மட்டும் பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சத்தால் எல்லோரும் தக்காளியே நடுகிறோம். எல்லோர் காயும் ஒரே வாரத்தில் மண்டிக்கு வருகிறது. பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிறோம். இங்கும் இயக்கியது அச்சமே. ஆனால் அதை யாரும் எழுதிப் பார்க்கவில்லை; அண்டை வயலைப் பார்த்து ஓடினோம்; அவ்வளவே.

பிறர்க்கு இவ்வளவு கூறும் நான் என் குறையையும் கூறுதல் நேர்மையாகும். பட்டம் பெற்று இப்பணியில் சேர்ந்த புதிதில் நெசவாளர் சங்கம் ஒன்றின் இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கணக்கியல் பயின்றவன் நான். ஆனால் நூலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டம், ஒரு சிட்டம் என்பது 840 கெஜம் என்னும் அரிச்சுவடியும் அறியேன். தறியில் முடி நரைத்த ஒரு நெசவாளர், "ஐயா, இந்தப் பாவுக்கு எவ்வளவு நூல் போகும் என்று நீங்கள் சொல்லுங்கள், பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கேட்டார். சுற்றி நின்றோர் சிரித்தனர். நான் வெட்கினேன். அதன்பின் மூன்று மாதம் நான் தறிக்கூடத்துக்குள் நுழையவே இல்லை. அலுவலறையில் அமர்ந்தபடி, இருப்புப் பதிவேட்டில் எழுதியிருந்ததை மெய்யென ஒப்பிக் கையெழுத்திட்டேன். கேள்விக்கு அஞ்சி, என் கடமையைக் கைவிட்டேன்.

நான்காம் மாதம் இருப்பில் சில கட்டு நூல் குறைந்திருப்பது வெளிப்பட்டது. எவரும் திருடவில்லை, வழங்கிய நூலை எழுத மறந்த பிழை அது. ஆயினும் என் மூன்று கையெழுத்துகள் அப்பிழையின்மேல் மூடியாக நின்றன. என்னை நம்பி அப்பதிவேட்டை எழுதிய சிற்றூழியர் ஒருவர் தம் கூலியிலிருந்து ஈடுசெய்ய நேருமோ என்று இரவெல்லாம் உறங்காதிருந்தார். அன்றிரவு நானும் உறங்கவில்லை. என் வெட்கத்திற்கு விலை கொடுப்பவன் நானல்லன், வேறொருவன் என்பதை அன்றுதான் கண்டேன்.

மறுநாள் ஒரு தாளை எடுத்தேன். நான் எவற்றிற்கு அஞ்சுகிறேன் என்று வரிசையாக எழுதினேன். நூல் எண் தெரியாது, பாவு கணக்கு தெரியாது, சாயச் சேதாரம் எவ்வளவு என்று தெரியாது, தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடும், தணிக்கையில் அகப்படுவேன். எழுதி முடித்தபோது ஐந்தே வரிகள். மலை என்று நினைத்திருந்தது ஐந்து வரியாக இருந்தது. அவற்றில் மூன்றைக் கற்றுக் கொள்ள முடியும். அதற்கு ஆசிரியர் என்னைக் கேள்வி கேட்ட அந்த முதியவரே. அன்று மாலையே அவர் தறியருகில் சென்று அமர்ந்து, "எனக்குத் தெரியவில்லை, ஐயா, சொல்லிக் கொடுங்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு ஒரு சிட்டத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு மாதம் அவரிடம் பயின்றேன். பதிவேட்டுப் பிழையும் வழங்கல் சீட்டுகளைக் கொண்டு சரிசெய்யப்பட்டது, அச்சிற்றூழியரும் தப்பினார். இன்று எந்த நெசவாளர் சங்கத்துக்குச் சென்றாலும் நான் முதலில் அடியெடுத்து வைப்பது அலுவலறையில் அன்று, தறிக்கூடத்தில்.

இந்த அனுபவத்தால் நான் அறிந்த உண்மை இதுவே: அச்சம் நம்மைத் துரத்தும்போது நாம் ஓடுகிறோம், அதன் பெயரையும் தொகையையும் தேதியையும் எழுதும்போது அது நமக்கு வேலை செய்கிறது.

ஈண்டு ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். "ஏழையின் அச்சத்தை வளர்ச்சிக்கு ஏணி என்று சொல்வது எளிது; மழை பொய்த்தால் ஏணியை எங்கே சார்த்துவது?" என்று ஓர் அங்கத்தினர் என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானது. வறட்சியை ஒருவர் மன உறுதியால் விலக்க முடியாது. விசைத்தறித் துணியின் விலையை ஒரு நெசவாளர் தம் திறமையால் மாற்ற முடியாது. தனி மனிதனைத் தைரியமாக இரு என்று சொல்லிவிட்டுக் கைகழுவுவது அறமும் அன்று. அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறோம். தனியே நள்ளிரவில் எண்ணும் அச்சம் மனிதனைத் தின்னும். ஐம்பது பேர் கூடிப் பகலில் பேசும் அச்சம் தீர்மானமாகும். நெசவாளர் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் எதிலிருந்து பிறந்தது? கண் மங்கி, கால் மிதிகட்டையில் நில்லாத நாளில் என் கதி யாது என்னும் அச்சத்திலிருந்து பிறந்தது. இயற்கைப் பேரிடரால் பயிர் அழிந்தது என்று அரசு அறிவித்த இடங்களில் குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தரும் முறை எதற்காக? ஒரு பருவம் பொய்த்ததால் ஒரு குடும்பம் அழிந்துவிடக் கூடாது என்னும் அச்சத்திற்காக. ஆனால், மரத்தடியில் நிற்பவருக்கு இம்முறைகள் பயன்படா. உள்ளே வந்து கேட்பவர்க்கே பயன்படும்.

சங்க ஊழியர்க்கும் என் போன்ற அலுவலர்க்கும் ஒரு சொல். கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை, 87-ஆம் பிரிவு தண்டத் தீர்வை என்னும் எண்களைக் கேட்டாலே சில செயலாளர்களின் முகம் வெளுக்கும். அப்பிரிவுகள் வேண்டுவனவே, பொதுப்பணத்தைக் காப்பவை. ஆயினும், பிரிவு எண்ணைச் சொல்லி மிரட்டி வாங்கிய கணக்கில் உண்மை குறைவாகவே இருக்கும். மிரண்டவன் பிழையைத் திருத்தமாட்டான், மறைப்பான். நிலுவைதாரர் வீட்டு வாயிலில் நின்று ஊர் கேட்கப் பேசுவதும் அவ்வாறே. அதனால் ஒரு தவணை வசூலாகலாம். ஓர் அங்கத்தினர் போய்விடுவார். அவர் அன்று மாலையே கந்து வட்டிக்காரர் வீட்டுப் படியேறுவார். பிறர்மேல் ஏவும் அச்சத்தால் ஒருவரையும் வளர்க்க இயலாது. தாமே எடுத்துப் படித்த அச்சம் மட்டுமே மனிதரை வளர்க்கும். நம் கடமை அவர் படிக்கும்படி விளக்கைப் பிடிப்பது.

ஆகவே, அங்கத்தினர்களுக்கு ஓர் எளிய பழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்கு இருமுறை, ஆடி விதைப்புக்கு முன்னும் தை அறுவடைக்குப் பின்னும், குடும்பத்தோடு அமர்ந்து ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதற்பத்தியில் எதற்கு அஞ்சுகிறோம் என்று எழுதுங்கள். "கடன்" என்று மட்டும் எழுதாதீர்கள்; எவ்வளவு கடன், யாருக்கு என்று எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் அது எந்த நாளில் வாசலுக்கு வரும் என்று எழுதுங்கள். மூன்றாம் பத்தியில் அந்நாளுக்கு முன் நாம் செய்யக் கூடிய ஒரே ஒரு செயலை எழுதுங்கள். பயிர்க் கடனைத் தவணை நாளுக்குள் கட்டுவோர்க்கு வட்டியில்லை என்பது பலர் அறிந்ததே. ஆனால் தம் தவணை நாள் எது என்று கேட்டால் உடனே சொல்லக் கூடியவர் சிலரே. அந்நாளை நாட்காட்டியில் வட்டமிடுவதும் மூன்றாம் பத்தியில் எழுதத்தக்க ஒரு செயல்தான். எழுத ஒன்றும் தோன்றாத வரி எதுவோ, அதுவே சங்கத்திற்குக் கொண்டு வர வேண்டிய வரி.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு படித்த பின் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரும் பருவத்தில் எதற்கு அஞ்சுகிறோம் என்று அங்கத்தினர் வாயால் கேளுங்கள். தவணை கடந்தபின் அனுப்பும் அறிவிப்பைவிடத் தவணைக்கு இரண்டு மாதம் முன் அன்போடு சொல்லும் ஒரு வார்த்தை வலியது. நிலுவை பற்றிப் பேச வருபவரைத் தனியே அமர வைத்துப் பேசுங்கள். நாணயம் என்பது பணம் மட்டுமன்று. முகமும் அதில் அடங்கும்.

இனி, புளியமரத்தடிக்கு வருவோம். அன்று கூட்டம் முடியும் வரை பொறுத்திருந்து, எல்லோரும் சென்றபின் அப்பெரியவரை உள்ளே அழைத்தேன். செயலாளர் பேரேட்டை எடுத்து அவர் பக்கத்தைத் திருப்பினார். பெரியவர் கண்ணை மூடிக் கொண்டார் என்றே சொல்ல வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்து 38,400 ரூபாய். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: அறுபதாயிரம் என்று எண்ணி, அதை அடைக்க வெளியில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன் கேட்டிருந்தாராம்; மறுநாள் பத்திரம் எழுதுவதாக இருந்ததாம். மாதம் 3,000 ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 36,000. ஏறத்தாழ அவருடைய மொத்த நிலுவையே ஓராண்டு வட்டியாகப் போயிருக்கும். அசல் அப்படியே நின்றிருக்கும். பேரேட்டின் ஒரு பக்கத்தைப் பார்க்க அஞ்சியதற்கு அவர் கொடுக்கவிருந்த விலை அது.

அவர் பத்திரம் எழுதவில்லை. வைகாசியில் இரண்டு கிடாக்களை விற்று ஒரு பகுதியைக் கட்டினார். எஞ்சியதை அறுவடைக்குப் பின் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். மழை எவ்வாறிருக்குமோ, கட்டி முடிப்பாரோ, நான் அறியேன். ஆனால், சென்ற வாரம் அவ்வூருக்குச் சென்றபோது அவர் மரத்தடியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, செயலாளரிடம், "என் பக்கத்தை எடுங்கள், பார்ப்போம்" என்றார். குரலில் நடுக்கம் இருந்தது. நடுக்கத்தோடேயே பார்த்தார்.

அன்பார்ந்த அங்கத்தினர்களே, அவ்வளவே நான் வேண்டுவது. நடுக்கம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நடுக்கத்தோடேயே உள்ளே வாருங்கள். உங்கள் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அச்சம் செலவுப் பத்தியில் மட்டுமே எழுதப்பட வேண்டியதன்று, வரவிலும் வைக்கலாம். கூட்டுறவே நாட்டுயர்வு என்று நாம் சுவர்தோறும் எழுதி வைத்திருக்கிறோம். அவ்வுயர்வு ஓர் அங்கத்தினர் வாசற்படியைத் தாண்டும் அந்த ஓர் அடியில் தொடங்குகிறது.